பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை

“ஏன்டி, உனக்கு வேற வேல இல்லையா? தாத்தா எப்படி எளச்சாருன்னு தெரிஞ்சி நீ என்னா செய்யப் போற? நீயே காத்தடிச்சா பறந்துபோற மாதிரி இருக்க. இன்னும் எளச்சா உன்ன கொடியில போட்டு துணி கிளிப்பு மாட்டித்தான் நிறுத்தணும்.”

இப்படித்தான் என் பேத்தியைத் திட்டினேன். ஜொகூர் பக்கம் தெப்ராவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்கிறவள். சனிக்கிழமை வந்து என் கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, “சொல்லுங்க பாட்டி, என்னா சாப்பாடு, எத்தன மணிக்கு” என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டாள். இளைப்பது அவளுக்கு விளையாட்டு. எனக்கு அது விளையாட்டு இல்லை. அவளிடம் பாதிதான் சொன்னேன். முழுதும் இங்கே எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டுங்கள், அதை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாது.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். நடுவில் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார். வேலையை விட்ட பிறகு பஸ் சீட்டிலிருந்து எழுந்து உலு திராமில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இடம்தான் மாறியது, உட்காருவது மாறவில்லை. தொண்ணூற்றாறு கிலோ. இனிப்பு நீர் வியாதி, ரத்தக் கொதிப்பு, இரண்டுக்கும் மாத்திரை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசாங்க கிளினிக்குக்குப் போவோம். ஒரு தடவை அவர் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தமிழ்ப் பெண், சின்ன வயது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். கதவைச் சாத்தினதுமே நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆண்டி, அங்கிள்கிட்ட மூனு தடவ சொல்லிட்டேன். சிரிச்சிட்டுப் போயிடுறாரு. இப்படியே போனா அடுத்து இன்சுலின் ஊசிதான். அப்புறம் கண்ணு, காலு, கிட்னி ஒன்னு ஒன்னா பாதிக்கும்.”

“என்னா செய்யணும் டாக்டர்?”

“பெருசா ஒன்னும் வேணாம். சோத்தக் கொஞ்சம் கொறச்சி காய்கறியக் கூட்டுங்க. இனிப்புத் தண்ணி வேணாம். தெனம் நடக்கச் சொல்லுங்க. வாரத்துக்கு அர கிலோ எறங்குனா போதும். ஆனா பட்டினி போடாதீங்க, மாத்திர சாப்புடுறாரு. திடீர்னு வேத்து நடுங்குனா வாயில சீனி போட்டு உடனே கூட்டிட்டு வாங்க.”

சோறு, காய், நடை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ‘இளைக்கணும்’ என்ற சொல்லையே எடுக்க முடியாது. அதற்குக் காரணம் அவருடைய அண்ணன்.

அவருடைய அண்ணன் சாஆ என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினார். ஆள் மலை மாதிரி இருப்பார். ஒரு வருஷம் அவர் இளைக்க ஆரம்பித்தார். தோட்டமே மெச்சியது. “என்னா அண்ணே, மாப்பிள்ள மாதிரி ஆயிட்டீங்க” என்றார்கள். அவரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சிரித்தார். ஐந்து மாதத்தில் செத்துப்போனார். ஈரலில் வந்த நோய். கடைசி நாட்களில் அவரைக் குளிப்பறைக்கு என் வீட்டுக்காரர் ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு போவார். வெளியே வந்து தன் இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பார். “ஒன்னுமே இல்லம்மா, கைல ஒன்னுமே இல்ல” என்று என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இளைப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். தட்டில் சோறு குறைந்தால் பயம், கன்னம் ஒட்டினால் பயம். ஒரு தடவை எங்கள் மகன் சாப்பாட்டு அட்டவணை ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனான். அதை அப்படியே கிழித்துக் குப்பையில் போட்டார். “என்ன எண்ணி எண்ணிப் போட்டு சாவடிக்கப் பாக்குறீங்களா?”

ஆகவே நான் ஒரு முடிவு எடுத்தேன். அவருக்குத் தெரியாமலே செய்துவிடுவது. ஊசி போடுகிற நாள் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். பயத்தோடு திருடுவதில் ஒரு சுகமும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன்.

முதலில் தட்டு போயிற்று. பூப்போட்ட பெரிய எனாமல் தட்டு, தோட்டத்து லய வீட்டிலிருந்தே எங்களோடு வந்தது. அதைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டு ஒரு சின்னத் தட்டில் சோறு போட்டேன்.

“என் தட்டு எங்க?”

“ஓரமெல்லாம் துரு. அதுல சாப்ட்டா வயித்துக்கு ஆவாது.”

“நாப்பது வருசமா சாப்டுறேன்.”

“அதான் துரு புடிச்சிருக்கு.”

சின்னத் தட்டில் சோறு குன்று மாதிரி நிற்கும். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

அடுத்தது, சோறு வேகவே நேரமானது. அதாவது, நான்தான் கரண்டு சோற்றுப் பானையின் சுவிட்சை வேண்டுமென்றே தாமதமாகத் தட்டினேன். பசியோடு வந்து உட்காருவார். “இன்னும் வேவல. இதச் சாப்டுக்கிட்டு இருங்க” என்று ஒரு கிண்ணம் நிறையக் கீரை ரசம், வெள்ளரிக்காய், அவித்த பயற்றங்காய் வைப்பேன். கங்கோங் கீரையைத் திட்டிக்கொண்டே தின்பார். சோறு வருகிறபோது பாதி வயிறு நிறைந்திருக்கும். மேஜை மேலே இருந்த முறுக்கு டின்னில் கொய்யாத் துண்டுகள் இருந்தன. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்தது, ஏழரைக்கு எனக்கு நாடகம் பார்க்க வேண்டும், அதற்கு மேல் அடுப்பைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நாடகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதில் வரும் மாமியார் என்னைவிட மோசம்.

தேத்தண்ணியில் நாலு கரண்டி டின் பால் போட்டவள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன்.

“இந்த டின்னு பாலுல இப்ப இனிப்பே இல்ல.”

“கம்பெனிக்காரன் கொறச்சிட்டான். எல்லாத்தயும்தான் கொறைக்கிறான்.”

அவர் கம்பெனிக்காரனைத் திட்டினார். நான் மனதுக்குள் கம்பெனிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மோட்டார் சைக்கிள் சாவிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய திருட்டு. அதை எடுத்து என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் தேடினார், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். “புதுசு செஞ்சிக்கலாம், கடக்காரன் சொல்றான்” என்றார். “செஞ்சிக்கலாம் செஞ்சிக்கலாம்” என்று நானும் சொல்லி நாளைக் கடத்தினேன். அதற்குள் தினமும் காலையில் எனக்கு ஏதாவது ஒன்று மறந்துபோக ஆரம்பித்தது. ஒரு நாள் கொத்துமல்லி, ஒரு நாள் தேங்காய், ஒரு நாள் உப்பு. எங்கள் தாமான் குடியிருப்பின் கோடியில் உள்ள சீனர் கடைக்குப் போக கால் மணி, வர கால் மணி. “உனக்கு மறதி ரொம்ப ஆயிருச்சி, டாக்டர்கிட்ட காட்டணும்” என்று சொல்லிக்கொண்டே நடப்பார்.

அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினாலும் நான் நிம்மதியாக இல்லை. மத்தியானம் அவர் கண்ணயரும்போது நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பேன். இருக்கும், ஜொகூர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? கை நடுங்குகிறதா என்று பார்ப்பேன். என் முந்தானையில் சீனிக்கட்டி முடிந்திருக்கும். அது வேர்வையில் கரைந்து ஒரு சேலையில் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வீட்டுப் பின்னால் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லில் பெல்ட்டை வைத்து ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“பெல்ட்டு நீண்டுபோச்சி,” என்றார்.

“தோலு பெல்ட்டுதானே. நீளும்,” என்றேன்.

அன்றைக்கு அடுப்படியில் நான் தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காதது, முழங்காலைப் பிடிக்காமல் எழுந்திருப்பது, எல்லாம் கண்ணில் பட்டது. டாக்டர் சொன்னபடிதான், மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஓட்டைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே பெல்ட்டை மடித்து வைக்கும்போது பார்த்தேன். அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். நான் வருவதைக் கண்டதும் பல்லைப் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சின்னத் தட்டிலும் சோறு மிஞ்ச ஆரம்பித்தது.

நான் அதை முதல் நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தேன். “கொழம்பு நல்லா இல்லையா?” என்றேன். “நல்லாத்தான் இருக்கு” என்று கையைக் கழுவப் போய்விட்டார். ஒரு வாரத்தில் பாதித் தட்டு மிஞ்சியது. கழுத்து எலும்பு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அவள் கேட்காமல் போனதுதான் என்னை உலுக்கியது.

ஒரு காலை அவர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பெல்ட். கையில் ஆணி. சுத்தியல் கீழே கிடந்தது. அடிக்கவில்லை. ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஆணி முனையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பின்னால் நகர்ந்து அடுப்படிக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. மெல்ல அடித்தார், எனக்குக் கேட்கக் கூடாது என்று.

அன்றைக்கே நான் எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன். தேத்தண்ணியில் நாலு கரண்டி டின் பால். முறுக்கு டின்னில் முறுக்கு. நானே கடைக்கு நடந்து போய் பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாயும் ஆட்டுக் குழம்பும் வாங்கி வந்து பசியாற வைத்தேன். அவருக்கு உயிர் அது.

“வேணாம்மா. நீ சாப்டு.”

“ஒன்னே ஒன்னு.”

“எறங்கல.”

இது என் வேலை இல்லை. என் வேலையாக இருந்தால் ரொட்டி சானாயைக் கண்டு கை நீண்டிருக்கும். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நோய் எப்போதோ வந்துவிட்டது. நான் தட்டை மாற்றி, பாலைக் குறைத்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த நாளிலேயே அது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் முதல் ஓட்டையிலேயே பயந்து கிளினிக்குக்கு இழுத்துப் போயிருப்பேன். என் திருட்டுக்குப் பின்னால் அந்த நோய் மறைந்துகொண்டது. நான் மறைத்து வைத்தேன்.

கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன். கேட்டால் என் திருட்டைச் சொல்ல வேண்டும். சொன்னால் ‘அண்ணன் மாதிரி’ என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். வேடிக்கையும் வரவில்லை.

அவர் வேறு ஏதேதோ செய்தார். என்னைக் கூப்பிட்டு வாசலில் தண்ணீரை மொத்தமாக நிறுத்துகிற திருகு எங்கே இருக்கிறது என்று காட்டினார். “வலப் பக்கம் திருப்புனா நிக்கும். நீ ஒரு தடவ திருப்பு.” திருப்பினேன். விளக்கு அணைந்தால் எந்தச் சுவிட்சுக் கட்டையை மேலே தள்ள வேண்டும் என்று காட்டினார். பிள்ளைகளின் போன் நம்பரைக் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார், எனக்குக் கண் தெரிகிற அளவுக்கு.

“இதெல்லாம் எனக்கெதுக்கு? நீங்க இருக்கீங்க.”

“தெரிஞ்சி வச்சிக்கிட்டா நல்லதுதானே.”

சாஆவில் இருக்கிற அண்ணிக்குப் போன் போட்டு, “ஒரு தடவ வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போறேன் அண்ணி” என்றார். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். வேறு என்ன செய்வது?

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், “தேங்கா வேணுமா?” என்று அவரே கேட்டார். நான் ஒன்றும் மறந்திருக்கவில்லை. வேணும் என்று சொல்லி வைத்தேன். எட்டரைக்குப் போனவர் பத்து மணிக்கும் வரவில்லை. போன் வீட்டு மேஜையில் கிடந்தது.

கடைக்குப் போனேன். சீனர், “அங்கிள் இன்னிக்கு வரவே இல்ல ஆண்டி” என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். ரோட்டோரத்தில் இருக்கிற ஒவ்வொரு லோங்காங் சாக்கடையிலும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். வேர்த்து, நடுங்கி, எங்கேயாவது சாய்ந்திருப்பாரோ என்று. மோட்டார் சாவி என் கைப்பையில் இருக்கிறது. நான் அதை எடுக்காமல் இருந்திருந்தால் இவர் இந்த வெயிலில் நடந்திருக்க மாட்டார். ஒரு சாக்கடையில் யாரோ போட்ட பழைய சட்டை ஒன்று தண்ணீரில் உப்பிக் கிடந்தது. அதைப் பார்த்து நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டைதான் என்று புரிய நேரமானது.

திரும்ப வீட்டுக்கு ஓடினேன், வலிக்கிற என் முழங்காலோடு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து வைக்கிற டிராயரைத் திறந்தேன். அவருடைய கிளினிக் புத்தகம் இல்லை, குறித்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கிளினிக்கில், காத்தாடிக்குக் கீழே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் நம்பர் சீட்டு. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

“வந்துட்டியா,” என்றார்.

“இங்கதான் தேங்கா விக்கிறாங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “நாப்பத்தாறாவது நம்பரு. இப்பதான் முப்பத்தொன்னு போவுது.”

“சொல்லிட்டு வந்திருக்கலாம்ல.”

“சொன்னா நீ பயப்படுவ.” இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “பெல்ட்ட பாத்தியா?”

“பாத்தேன்.”

“மூனு ஓட்ட.”

“தெரியும்.”

“அண்ணனுக்கும் இப்படித்தான். மொதல்ல காச்சட்ட லூசாச்சி. அப்புறம் சோறு எறங்கல. எனக்கும் அதே மாதிரிதான் வருது. ஒன்னு ஒன்னா.”

அவர் அப்படிச் சொன்ன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. “நான்தான் செஞ்சேன்” என்றேன்.

“என்னா செஞ்ச?”

“தட்டு துருப் புடிக்கல. நான்தான் ஒளிச்சி வச்சேன். டின்னு பாலு நான்தான் கொறச்சேன். எனக்கு ஒரு மறதியும் இல்ல, நீங்க நடக்கணும்னுதான் தெனம் அனுப்புனேன். டாக்டர் சொல்லித்தான் செஞ்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“எங்கம்மா செத்த அன்னிக்கும் நீ என்னத்தையோ சொல்லி என்ன சிரிக்க வச்ச. இன்னிக்கு வேணாம்மா.”

நம்பவில்லை. வாழ்நாள் முழுக்க வாயைத் திறந்தால் விளையாட்டுப் பேச்சு பேசியதற்கு அன்றைக்குக் கூலி கிடைத்தது. நான் கைப்பை ஜிப்பைத் திறந்து மோட்டார் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று நம்பர் போய்க்கொண்டிருந்தது.

“அடிப் பாவி,” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“நாற்காலிய கவுத்துப் போட்டுத் தேடுனேன்.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. “சரி. தட்டு நீ செஞ்சது. நடையும் நீ செஞ்சது. அப்ப ரொட்டி சானா வச்சியே, அது ஏன் எறங்கல?”

அதே கேள்வியோடுதான் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

எண்பத்தைந்து கிலோ. டாக்டர் பழைய புத்தகத்தையும் புதுக் கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இனிப்பு நீர் நன்றாக இறங்கியிருக்கிறது என்றார். நான் என்னென்ன செய்தேன் என்று சொன்னதையும் கேட்டார். ஆனால் முகம் தெளியவில்லை.

“மொதல்ல கொறஞ்சது சரி ஆண்டி. நீங்க சொல்றதப் பாத்தா இந்தக் கடைசி ஒரு மாசத்துல வேகமா எறங்கியிருக்கு. அது எனக்குப் பிடிக்கல. அண்ணனுக்கு ஈரல் நோய்னு சொல்றாரு, அதனால ரத்தம் எடுத்துடுவோம், ஸ்கேனும் பாத்துடுவோம். ஒரு வாரம் கழிச்சி வாங்க.”

அந்த ஒரு வாரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலமாரி மேலிருந்து பெரிய தட்டை இறக்கிக் கழுவி அதில் சோறு போட்டேன். அவர் சோற்றை எடுத்துச் சின்னத் தட்டில் மாற்றிக்கொண்டார். “பெருசுல மிச்சம் வச்சா ரொம்ப தெரியுது” என்றார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் வாய்க்குள் போகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து அவரும் கஷ்டப்பட்டு விழுங்கினார். நான் கேட்காமலே காலையில் நடந்தார். நானும் கூடப் போனேன். இரண்டு பேரும் நடந்தோம், லோங்காங் பக்கம் நான், ரோட்டுப் பக்கம் அவர். கோயிலைத் தாண்டும்போது அவர் செருப்பைக் கழற்றாமல் கும்பிட்டார், நான் கழற்றிக் கும்பிட்டேன். எனக்கு வேண்டுதல் கொஞ்சம் அதிகம்.

எட்டாவது நாள் டாக்டர் கதவைச் சாத்தாமலே எங்களை உட்காரச் சொன்னார். அதுவே எனக்கு முதல் மூச்சு.

“ஈரல் நல்லா இருக்கு. ஸ்கேன்ல ஒன்னும் இல்ல. ரத்தமும் நல்லா இருக்கு. அங்கிள், நீங்க எளச்சத பாத்து நீங்களே பயந்து சாப்டாம இருந்திருக்கீங்க. சாப்டாம இருந்ததனால இன்னும் எளச்சிருக்கீங்க. இன்னும் எளச்சதும் இன்னும் பயந்திருக்கீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நான் வேறு பக்கம் பார்த்தேன். எடைக் கருவியில் ஒரு சீனக் கிழவி செருப்போடு ஏறி நின்று நர்ஸ் மிஸ்ஸியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் திட்டு காத்திருந்தது. “ஆண்டி, நீங்க செஞ்ச ஒவ்வொன்னும் நல்லதுதான். ஆனா மாத்திர சாப்புடுற ஆளுக்குத் தெரியாம செய்யக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சிருந்தா இந்தப் பயமே வந்திருக்காது.”

“டாக்டர், அவளத் திட்டாதீங்க,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு யோசித்தார். “இல்ல, கொஞ்சம் திட்டுங்க.”

வீடு வந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முதல் நாளே மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தார். எத்தனை என்று நான் கேட்கவில்லை. “ஒன்னுதான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அது பேச்சில் சேராதாம். நாலாவது நாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “வரியா, இல்ல இன்னும் மறதியா?” என்றார். போனேன்.

நாங்கள் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி வேலியில் காத்திருந்தாள். எதிர் வீட்டு மலாய்க்காரப் பெண்ணும் துடைப்பத்தோடு கேட் ஓரத்துக்கு வந்துவிட்டாள். அவர் நேராக உள்ளே போய்விட்டார், ஜன்னல் மட்டும் திறந்தது.

“அக்கா, கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “அண்ணனுக்கு என்னா உடம்பு?”

“ஒன்னும் இல்ல லா. ரத்தம் பாத்தாச்சி, ஸ்கேன் பாத்தாச்சி. ஈரலு பன்னண்டு வயசுப் புள்ளைக்கு இருக்குற மாதிரி இருக்காம்.”

“அப்ப எப்படி இவ்ளோ...”

“டாக்டர் சோத்தக் கொறங்க, நடங்கன்னு சொன்னாங்க. அவரு கேட்டாரு.”

“அண்ணனா? அவரே மனசு வச்சா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. “அவரேதான். நான் ஒன்னுமே செய்யல. காயி வச்சா காயி சாப்ட்டாரு, நடன்னா நடந்தாரு. இந்த மாதிரி ஆம்பளைய நான் பாத்ததே இல்ல.”

உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. எதிர் வீட்டுக்காரிக்கும் அதையே மலாயில் சொன்னேன். அவள் துடைப்பத்தை நெஞ்சில் வைத்து நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு இருவருக்கும் சேர்த்துக் கடைசியாக ஒன்று சொன்னேன், இது மட்டும் விளையாட்டு இல்லை.

“அவர ரோட்டுல பாத்தா எளச்சிட்டீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. நல்லா இருக்கீங்கன்னு சொல்லுங்க. நடக்குற எடத்துல தெனம் பாப்பீங்க. தெனம் சொல்லுங்க.”